கரம்பொன்னில் ஒரு பொல்லாத கிணறு

முப்பத்தாறு வயதில் நான் ஓய்வு பெற்றேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கண்ணிவெடி அகற்றும் தொழிலில் முதலில் ஓய்வு கேட்பது முழங்கால். என்னுடையது கேட்டது, கொடுத்துவிட்டேன். எங்கள் பகுதியில் வேலையும் அநேகமாக முடிந்துவிட்டது. முடிந்துபோவதற்காகவே செய்யப்படும் தொழில்கள் வேறு எத்தனை இருக்கின்றன என்று தெரியவில்லை. இருந்தால் அவற்றில் ஒன்றைச் செய்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு.

போன மாதம் டிலானி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வெடிபொருள் ஆபத்துப் பற்றிப் பேசும் பிள்ளை அவள். புதிய துண்டுப் பிரசுரத்தின் முதல் வரியை, 'கண்ணிவெடி ஒரு தீய பொருள்' என்று எழுதியிருக்கிறாள். "அக்கா, வசனம் நல்லாத்தானே இருக்கு? றெஜி சேர் 'தீய' எண்டதை வெட்டச் சொல்லுறார். ஏன் எண்டு கேட்டால், கௌசியைக் கேளும் எண்டுறார். நீங்கள் ரெண்டு பேரும் சேந்து என்னை வைச்சு விளையாடுறியளோ?"

விளையாடவில்லை. ஆனால் பதில் ஒரு குரல் பதிவுக்குள் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் புங்குடுதீவைச் சேர்ந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் நீர் வழங்கல் படித்தேன். படித்த வேலை கிடைக்கவில்லை, இந்த வேலை கிடைத்தது. "உனக்கென்ன விசரே?" என்று அம்மா கேட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: வெயில், முழங்கால், செயலிழந்த வெடிகளைப் புதைத்து வைத்த ஒரு வெறும் காணி, திரும்பத் திரும்ப அதே ஒரு மீற்றர் நிலம். அங்கே நான் கற்றது பொறுமை என்று பலரும் நினைக்கிறார்கள். பொறுமை என்னிடம் முன்னரே இருந்தது. கற்றது ஒழுங்கு.

அந்த ஒழுங்கு இப்படி. காலையில் களத்துக்குப் போனதும் முதலில் அம்புலன்ஸ் சாரதி ஆஸ்பத்திரிப் பாதையை ஒருமுறை ஓடிப் பார்த்து வருவார்; மதகு உடைந்திருக்கலாம், மாடு படுத்திருக்கலாம். அவர் வரும்வரை எவரும் பாதுகாப்பு அங்கியைக்கூடத் தொடமாட்டோம். பிறகு எங்களுக்குள் பேசும் வோக்கிக் கருவிகளைப் பரிசோதிப்போம். பிறகு ஒரு சிறிய உலோகத் துண்டின் மேல் டிடெக்டரைப் பிடித்துச் சத்தம் சரியா என்று கேட்போம். அதன் பின்தான் அங்கி, முகக் கவசம், முழங்கால் மெத்தை. அவரவருக்கு ஒதுக்கிய ஒரு மீற்றர் அகலப் பாதையின் குறுக்கே சிவப்புத் தடியை வைப்போம். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்த நிலம், அந்தப் பக்கம் பார்க்காத நிலம். புல்லை வெட்டு, டிடெக்டரால் பார், சத்தம் இருந்தால் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டு, இல்லாவிட்டால் தடியை ஒரு கை அளவு முன்னே தள்ளு. ஒரு நாளில் ஒரு பாய் விரிக்கும் நிலம் பார்த்தால் போதும். அநேகமாகக் கிடைப்பது ஆணி, மீன் அடைத்து வரும் தகர ரின், துப்பாக்கி ரவை. கிடைத்த ஒவ்வொன்றும் கண்ணிவெடிதான் என்ற நினைப்போடுதான் அதை நெருங்க வேண்டும்.

றெஜி அண்ணை எங்கள் களப் பொறுப்பாளர். மெலிந்த மனிதர், குரல் இன்னும் மெலிந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, நாங்கள் ஏதாவது திட்டம் சொன்னால், ஒவ்வொரு வசனம் முடியவும் "பிறகு?" என்பார். வசனங்கள் முடியும்வரை கேட்பார். அநேகமான திட்டங்கள் மூன்றாவது 'பிறகு'வில் விழுந்துவிடும்.

மற்றது, வோக்கியில் வர்ணனை கூடாது. வேலைக்கு வந்த புதிதில் நான் ஒருமுறை, "அண்ணை, இது ஒரு பொல்லாத சாமான்" என்று சொல்லிவிட்டேன். வோக்கியில் அவர் குரல் வந்தது.

"கௌசி, பொல்லாத எண்டால் என்ன நிறம்?"

"பச்சை, அண்ணை."

"எவ்வளவு பெரிசு? தடியிலயிருந்து எவ்வளவு தூரம்? அதைச் சொல்லும். பொல்லாததோ இல்லையோ எண்டு நான் வந்து பாக்கிறன்."

பக்கத்துப் பாதைகளில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒரு மாதம் என் பெயர் 'பொல்லாத பச்சை'.

பொல்லாத என்ற சொல்லை நாங்கள் நாளாந்தம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கணக்கெடுத்தேன். வெயில் பொல்லாதது. காய்ச்சல் பொல்லாதது. சொல்வழி கேட்காத குழந்தை பொல்லாதது, அதைச் சொல்லும்போது தாய் சிரிப்பாள். சந்தையில் விலை குறைத்து வாங்கத் தெரிந்தவள் பொல்லாதவள். அதில் கொஞ்சம் மெச்சுதலும் உண்டு. இவற்றில் எதிலும் அந்தச் சொல் தங்குவதில்லை. வெயில் சாயும், காய்ச்சல் விடும், குழந்தை வளரும். ஒரு காணியிலோ ஒரு மனுசியிலோ ஒட்டினால் மட்டும் கழுவினாலும் போகாது. அதைக் கரம்பொன்னில் பார்த்தேன்.

அப்போது நான் அணித் தலைவி ஆகியிருந்தேன். கரம்பொன்னில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு பனங்காணி எங்களிடம் வந்தது. உரிமையாளர் பரமேசு அக்கா, ஐம்பது வயதளவில், தோட்டம் செய்யும் குடும்பம். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த புதிதில் அவருடைய கணவர் தங்கள் காணிக்குள் தண்ணீர் அள்ளப் போய் ஒரு காலை இழந்தார். பிறகு ஒரு மாடு செத்தது. சில வருடங்களில் கணவரும் காய்ச்சலில் போய்விட்டார். அக்கா ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, மற்றப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். தன்னுடைய காணியைப் பார்த்தபடி.

அந்தக் காணியில் ஒரு கிணறு இருந்தது. தீவுப் பகுதி ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் நிலத்துக்குக் கீழே உப்புத் தண்ணீர். அதன் மேல் மழைத் தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது. எல்லாக் கிணற்றிலும் அது கிடைப்பதில்லை. அந்த ஒழுங்கையில் குடிக்கக்கூடிய தண்ணீர் இருந்த ஒரே கிணறு அது. அதை விட்டுவிட்டுச் சனம் தண்ணீர் வண்டியான பவுசர் வரும்வரை குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தது.

வரிசையில் பரமேசு அக்காவின் குடம் எப்போதும் கடைசி. ஒருவரும் சொல்லி வைத்ததில்லை. அவர் முன்னால் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள்.

"கலியாண வீடு எண்டால் எனக்குச் சொல்ல மாட்டினம், பிள்ளை" என்றார் அக்கா முதல் நாளே. "முதல்ல காணி பொல்லாதது எண்டிச்சினம். பிறகு கிணறு. பிறகு என்ர காலடி. நீங்கள் வெடியை எடுத்துப்போட்டுப் போவியள். காணி எனக்குத் திரும்பும். சனம் திரும்புமோ?"

அது எங்கள் வேலை இல்லை என்று விதிப்படி சொல்லியிருக்க வேண்டும். "பாப்பம் அக்கா" என்றேன்.

வெட்டத் தொடங்குவதற்கு முன் ஊராரை விசாரிப்பது நடைமுறை. யார் எங்கே என்ன கண்டார்கள், என்ன கேட்டார்கள், எப்போது. காணியைப் பற்றி எல்லோரிடமும் விவரம் இருந்தது: கால் போன இடம், மாடு விழுந்த இடம், யார் முதலில் ஓடி வந்தார்கள். கிணற்றைப் பற்றிக் கேட்டால் விவரம் இல்லை, சொல் மட்டும் இருந்தது.

"அது பொல்லாத கிணறு."

"என்ன நடந்தது?"

"உள்ளுக்குள்ளை சத்தம் கேக்குமாம்."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"ஐயோ, நான் ஏன் அங்கை போறன்! துரையண்ணை சொன்னவர்."

அடுத்த வீட்டிலும் துரையண்ணை சொன்னவர். அதற்கடுத்த வீட்டிலும் அவர்தான். கிணற்றில் விழுந்தவர் இல்லை, செத்தவர் இல்லை. ஆனால் ஆள் கால் இழந்த இடத்தைவிடக் கிணற்றுக்குத்தான் சனம் அதிகம் பயந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. துரைசிங்கம் என்ற அந்த மனிதர் காணிக்குப் பக்கத்து வேலிக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஆடு வளர்ப்பவர். கேட்டபோது அவரும், "பொல்லாத கிணறு, பிள்ளை. மூடி விடுங்கோ" என்றார். சொல்லிவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

வேலை தொடங்கியது. கண்ணிவெடிகள் வேலியோரமாக ஒரே வரியில், ஒரே இடைவெளியில் இருந்தன. ஒழுங்காகப் புதைக்கப்பட்டதை ஒழுங்காக எடுப்பது எங்களுக்கு இலகு. யார் புதைத்தது என்று எங்கள் அணியில் எவரும் கேட்பதில்லை. அது றெஜி அண்ணையின் விதி. ஆள் கால் இழந்த இடமும் மாடு விழுந்த இடமும் வரியில் வெறுமையாக இருந்தன; மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. பிறகு இன்னோர் இடைவெளி. வெடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அடுத்ததும் அதற்கடுத்ததும் தங்கள் இடத்தில் இருந்தன. நடுவில் ஒன்றை மட்டும் காணோம்.

மழை தள்ளியிருக்கலாம் என்று சரிவுப் பக்கம் முழுவதையும் பார்த்தோம். பனை வேர்களைச் சுற்றிப் பார்த்தோம். இல்லை. ஒழுங்கையில் செய்தி பரவியது. "பொல்லாதது எழும்பி நடந்துபோட்டுது" என்றார்கள்.

நடக்கவில்லை. இல்லாத வெடியின் இடத்தில் மண்ணைத் திரும்பப் பார்த்தபோது, ஓர் ஓட்டுத் துண்டு தட்டையாக வைக்கப்பட்டு மேலே மண் மூடியிருந்தது. குழியை யாரோ நிரப்பியிருக்கிறார்கள். வெடியைக் கையால் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார். எங்கள் தீவுகளில் அப்படி எடுத்தவர்கள் இரண்டு இடங்களில்தான் போடுவார்கள்: கடல், அல்லது கிணறு. கடலுக்குப் போகும் வழியில் அந்த நாட்களில் காவல் இருந்தது.

மத்தியானம் துரைசிங்கத்தாரின் ஆட்டுக் கொட்டிலுக்குப் போனேன். அவர் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள்தானா என்று கேட்கவில்லை.

"அண்ணை, கிணத்துக்குள்ளை கிடக்கிறது எவ்வளவு பெரிசு?"

அவருடைய வலது கை தானாக எழும்பியது. விரல்களைக் குவித்து ஓர் அளவு காட்டியது. பிறகுதான் தன் கை என்ன செய்கிறது என்பதை அவர் பார்த்தார். கையை இறக்கவில்லை.

"இவ்வளவுதான், பிள்ளை. மீன் ரின் மாதிரி."

கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பரமேசு அக்காவின் கணவருக்குக் கால் போன அடுத்த மாரியில் மழை மண்ணை அரித்து ஒரு வெடியின் மூடியைக் காட்டியிருக்கிறது. ஆடுகள் அந்தப் பக்கம் போகத் தொடங்கின. ஆடுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் போவார்கள். இவர் தனியாகப் போய் அதை மண்ணோடு மண்வெட்டியில் ஏந்தி, கிட்ட இருந்த கிணற்றில் இறக்கிவிட்டார். தண்ணீர் பட்டால் செத்துப்போகும் என்று நினைத்திருக்கிறார். போட்ட பிறகுதான் அது சாகாமலும் இருக்கலாம் என்ற யோசனை வந்தது. சொன்னால், எப்படி உன் கைக்கு வந்தது என்று விசாரிப்பார்கள். சொல்லாவிட்டால் யாராவது வாளி போடுவார்கள்.

"ஆக்கள் கிட்டப் போகக்கூடாது. அதுக்கு என்ன சொல்லுறது? பொல்லாத கிணறு எண்டு சொன்னனான். ஒருத்தரும் போகேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"பரமேசு அக்காவுக்கு நடந்தது."

"நான் கிணத்தைத்தான் சொன்னனான் பிள்ளை. அவவைச் சொல்லேல்லை."

"கிணறு ஆருடையது, அண்ணை?"

அவர் குழையைக் கீழே வைத்தார்.

அந்த மனிதர் செய்த இரண்டையும் நான் அன்றிரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மண்வெட்டியில் வெடியை ஏந்திக்கொண்டு நடந்தது, பயிற்சி இல்லாத ஒருவர் செய்யக்கூடாத, ஆனால் துணிவான காரியம். பயந்து வேலி போடுவதற்கு ஒரு சொல்லை எடுத்தது மற்றது. கம்பி வேலியாக இருந்தால் அது போட்ட இடத்தில் நின்றிருக்கும். சொல் நிற்கவில்லை. ஒழுங்கையைக் கடந்து ஒரு தகரக் கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டது.

"வெடி கிணத்துக்குள்ளை எண்டு நான் எழுதவேணும்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "ஆர் போட்டது எண்டு எழுதத் தேவையில்லை. ஆனா அவவுக்கு நீங்கள் சொல்லவேணும்."

"ஏலாது, பிள்ளை."

"காணி கையளிக்கிற நாள் வரைக்கும் யோசியுங்கோ."

இனி என் பெருமைக்குரிய பகுதி. தண்ணீருக்குள் கிடக்கும் வெடியை இருந்த இடத்திலேயே வெடிக்க வைப்பதுதான் வழமை. றெஜி அண்ணையும் அதைத்தான் சொன்னார். நான் மறுத்தேன். வெடிக்க வைத்தால் சுண்ணாம்புக் கல் பிளந்து கீழிருக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். வேகமாக இறைத்தாலும் அதுதான் நடக்கும். நிலம் பாதுகாப்பாக இருக்கும், கிணறு செத்துவிடும். பிறகு அது உண்மையிலேயே ஒருவருக்கும் பயன்படாத கிணறு. கல்லூரியில் படித்த நீர் வழங்கல் எனக்குப் பயன்பட்டது அன்றுதான்.

"சரி, உம்மட திட்டத்தைச் சொல்லும்" என்றார்.

"சின்ன மோட்டர். கொஞ்சம் இறைச்சு, நிப்பாட்டி, உப்பு அளந்து, திரும்ப இறைக்கிறது."

"பிறகு?"

"அடி தெரியுமட்டும் தண்ணி குறைஞ்சாப் பிறகு நீளத் தடியில கமரா. எப்பிடிக் கிடக்குது எண்டு பாக்கிறது."

"பிறகு?"

"ஆள் இறங்கிறதில்லை. வலைக் கூடை. மேல கப்பி. கயிறு மண்மூட்டைக்குப் பின்னால, காணிக்கு வெளியில."

"பிறகு? கூடை பாதியில மாட்டுப்பட்டால்?"

"கயிறை விட்டுட்டுக் காத்திருக்கிறது. கிட்டப் போறதில்லை. ரெண்டாம் கயிறு மற்றப் பக்கத்திலயிருந்து."

"ரெண்டும் மாட்டுப்பட்டால்?"

"அப்ப நீங்கள் சொன்ன மாதிரி வெடிக்க வைக்கிறது."

அவர் மேலும் பலமுறை கேட்டார். ஆட்களை எங்கே இருத்துவது, ஆடுகளை யார் கட்டுவது, வெடிக்க வைப்பதற்குத் தோண்டும் கடற்கரைக் குழிக்கு எந்த வழியால் கொண்டு போவது. கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இனி என்னட்டைப் 'பிறகு' இல்லை. மேல கேட்டு அனுமதி எடுக்கிறன். செய்யும்."

இறைப்பதற்கே பல நாட்கள் சென்றன. உப்பு அளவு ஏறத் தொடங்கினால் மோட்டரை நிறுத்திவிட்டு மரத்துக்குக் கீழ் இருப்போம். "கிணத்துக்கு ஓய்வு, எங்களுக்கும் ஓய்வு" என்று அணிப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். கமராவில் அது தெரிந்தது: சேற்றில் பாதி, பச்சை நிறம், மூடி மேலே. அவர் கை காட்டிய அளவேதான்.

தூக்கும் நாளில் ஒழுங்கை முழுவதையும் காலி செய்தோம். கூடை வெடியின் கீழே நுழைய மூன்று தடவை மறுத்தது. நுழைந்ததும் நான் மண்மூட்டைக்குப் பின்னால் போய் முதல் கயிற்றைப் பிடித்தேன். கிணற்றின் விளிம்புக்குக் கிட்ட வந்தபோது கூடை ஒரு கல்லில் மாட்டி அசையாமல் நின்றது. கயிற்றை விட்டேன். காத்திருந்தோம். இரண்டாம் கயிற்றைப் பிடித்திருந்த பிள்ளை மெதுவாக இழுத்தாள். சேறு சொட்டச் சொட்ட அது வெளிச்சத்துக்கு வந்தது. வோக்கியில் நிறம், அளவு, இடம் மூன்றையும் சொன்னேன். "கேக்குது" என்றார் றெஜி அண்ணை. அவ்வளவுதான் பாராட்டு. கடற்கரைக் குழியில் அதை வெடிக்க வைத்தபோது பனைகளிலிருந்த காகங்கள் எழும்பின. நீர் திரும்ப ஊறியதும் அளந்தேன். குடிக்கலாம்.

காணி கையளிக்கும் நாளில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அணித் தலைவி அங்கி, கவசம் எதுவும் இல்லாமல், றப்பர் செருப்போடு காணி முழுக்க முதலில் நடப்பாள். நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பின்னால் பரமேசு அக்கா நடந்தார். மற்றவர்கள் ஒழுங்கையில் நின்று பார்த்தார்கள். கிணற்றில் நான் அள்ளிக் குடித்தேன், அக்கா குடித்தார். வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருவரும் வேலியைத் தாண்டவில்லை. நிலம் பாதுகாப்பானது என்ற பத்திரத்தில் கையெழுத்து இருந்தது. அவர்கள் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை.

அப்போது துரைசிங்கத்தார் உள்ளே வந்தார். வந்தவர் அக்காவைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆனால் ஒழுங்கைக்குக் கேட்கும்படி பேசினார்.

"இதுக்குள்ளை வெடி கிடந்தது. போட்டது நான். ஆக்கள் வரக்கூடாது எண்டு பொல்லாத கிணறு எண்டு கதை கட்டினதும் நான்தான். வேற ஒண்டும் இல்லை. உம்மட காலடியில ஒண்டும் இல்லை, பரமேசு."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். நான் அழுகையை எதிர்பார்த்தேன், சாபத்தை எதிர்பார்த்தேன். இரண்டும் வரவில்லை.

"எத்தினை வருசமா நான் கடைசிக் குடம்" என்றார். "நீங்கள் எனக்கு முன்னால நிண்டு உங்கட குடத்தை நிரப்பினனீங்கள்." அதுவரை 'நீங்கள்' என்று பேசியவர், அடுத்த வசனத்தில் ஒரு படி இறக்கி 'நீர்' என்று மாறினார். "நாளைக்குக் காலமை வாரும். இந்தக் கிணத்தில அள்ளி, ஒழுங்கையால கொண்டுவந்து, என்ர கொட்டிலில நிரப்பும். கேக்கிற ஆக்களுக்கு ஏன் எண்டு சொல்லும்."

துரைசிங்கத்தார் தலையாட்டினார்.

களத்தைக் கழற்ற எங்களுக்கு இன்னும் சில நாள் வேலை இருந்ததால் நான் பார்த்தேன். காலையில் அவர் வந்தார். இரண்டு வாளி. பரமேசு அக்கா கொட்டில் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார்.

"என்ன துரையண்ணை, வேலைக்காரனாப் போனியளோ?" என்று ஒரு வேலிக்குள்ளிருந்து சிரித்தார்கள்.

அவர் வாளிகளைக் கீழே வைத்தார். "கிணத்துக்குள்ளை வெடியைப் போட்டது நான். அதுக்கு அள்ளுறன்." வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த வீட்டில் கேட்டார்கள். அங்கேயும் வாளிகளை வைத்து அதையே சொன்னார். அடுத்த நாளும் கேட்டார்கள், அடுத்த நாளும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே வசனம். றெஜி அண்ணை கேட்டிருந்தால் அதில் வெட்ட ஒரு சொல்லும் இருந்திராது.

நாங்கள் கடைசி அடையாளக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலை, பவுசர் வரவில்லை. வரிசையில் எப்போதும் முதலில் குடம் வைக்கும் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வேலிப் படலையில் வந்து நின்றாள். உள்ளே வராமல், போகாமல் நின்றாள்.

பரமேசு அக்கா கதிரையிலிருந்து எழும்பவில்லை. "கயிறு கட்டிக் கிடக்கு" என்றார். "அள்ளும்."